பக்கம் திறக்கத் திணறும் பழைய கணினி

இணையப் பக்கம் மெதுவாகத் திறந்தால் முதல் பழி இணைய இணைப்பின் மேல்தான் விழும். இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் போகும். அதிலும் சரியாகாவிட்டால் கூடுதல் வேகத் திட்டத்துக்குப் பணம் போகும். வீட்டில் இருப்பது எட்டுப் பத்து வருடப் பழைய கணினி என்றால், திட்டம் மாறிய பிறகும் பக்கம் முன்போலவே தவழ்ந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. குடத்தின் வாய் குறுகலாக இருக்கும்போது குழாயைப் பெரிதாக்கிப் பயனில்லை. தாமதம் எந்த இடத்தில் நேர்கிறது என்று கண்டுபிடித்த பிறகு பணம் செலவழிப்பதே சிக்கனம். பல சமயம் செலவே இல்லாமலும் காரியம் முடிந்துவிடும்.

பக்கம் திறக்கும்போது நடப்பவை

முகவரியைத் தட்டி என்டர் அழுத்தியதும் பிரவுசர் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடுகிறது. அதைச் சொல்லித்தருபவை டிஎன்எஸ் சர்வர்கள். எண் கிடைத்ததும் அந்தத் தளத்தின் சர்வருடன் தொடர்பு ஏற்படுகிறது. அடுத்து, பரிமாற்றத்தை ரகசியமாக வைப்பதற்கான சாவிகளை இரு தரப்பும் பேசி முடிவு செய்கின்றன. இவ்வளவுக்கும் பிறகுதான் பக்கத்தின் முதல் கோப்பு வந்து சேரும். அதைப் பிரித்துப் படித்தால் படங்கள், எழுத்துருக்கள், வடிவமைப்புக் கோப்புகள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் என இன்னும் பல டஜன் கோப்புகள் தேவை என்று தெரியவரும். அவை வரவர, பிரவுசர் நிரல்களை இயக்கி, எது எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுத் திரையில் வரைகிறது.

இதில் முன்பாதி இணைப்பைச் சார்ந்தது, பின்பாதி கணினியின் பலத்தைச் சார்ந்தது. 2010களின் தொடக்கத்தில் சாதாரண இணையப் பக்கம் ஒன்று ஏறக்குறைய அரை எம்பி இருந்தது. இப்போது 2 எம்பியைத் தாண்டிவிட்டது. அளவைவிட, அதற்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம். ஒரு எம்பி புகைப்படத்தை விரித்துக் காட்டுவது பிராசஸருக்குச் சிறிய வேலை. ஒரு எம்பி ஜாவாஸ்கிரிப்ட் என்றால் அதைப் படித்து, இயந்திரக் கட்டளைகளாக மாற்றி, இயக்கவும் வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி பிராசஸரின் ஒரே கோரில் நடக்கிறது. நான்கு கோர் இருந்தும் ஒவ்வொன்றும் மெதுவானது என்றால் பக்கமும் மெதுவாகத்தான் திறக்கும்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களும் அதே காலத்தில் கடைகளில் வாங்கியவையும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அந்தத் தலைமுறைக் கணினிகளில் பெரும்பாலும் 2 அல்லது 4 ஜிபி ரேமும், சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க்கும் இருக்கும். அன்றைய இணையத்துக்கு அது போதும். இன்றைய பக்கங்களுக்கு அது மிகக் குறைவு.

தாமதம் எங்கே என்று பார்ப்பது

முதல் சோதனைக்கு ஒரு செல்போன் போதும். கணினி இருக்கும் அதே இடத்தில், அதே வைஃபையில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே பக்கத்தைப் போனில் திறந்து பார்க்க வேண்டும். போனிலும் தாமதம் என்றால் கோளாறு இணைப்பிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. போனில் சட்டென்று திறந்து கணினியில் மட்டும் திணறினால் இணைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாத் தளங்களும் நன்றாகத் திறந்து ஒரே ஒரு தளம் மட்டும் தாமதிக்கிறது என்றால் அந்தத் தளத்தின் சர்வரில்தான் சிக்கல். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அரசுத் தளங்கள் திணறுவது இந்த வகை. அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

இரண்டாவது சோதனை, தாமதம் எந்த உருவத்தில் வருகிறது என்று கவனிப்பது. பக்கம் வெகுநேரம் வெள்ளையாகவே இருந்து, பிறகு திடீரென்று முழுவதும் வந்தால் பெயர் தேடும் கட்டத்திலோ தொடர்பு ஏற்படுத்தும் கட்டத்திலோ நேரம் போகிறது. அப்போது பிரவுசரின் இடது கீழ் மூலையில் எந்தக் கட்டத்தில் காத்திருக்கிறது என்ற வரியும் தெரியும். எழுத்து உடனே வந்து, படங்கள் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் இணைப்பின் வேகம் குறைவு. பக்கம் முழுவதும் வந்துவிட்ட பிறகும் ஸ்க்ரோல் செய்தால் ஒட்டிக்கொள்கிறது, கிளிக் செய்தால் பதில் இல்லை, ஃபேன் இரைகிறது என்றால் தாமதம் கணினிக்குள் இருக்கிறது.

மூன்றாவது, விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். அதை ஓரமாக வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறக்கும்போது பிராசஸர், மெமரி, டிஸ்க், நெட்வொர்க் ஆகிய நான்கில் எது உச்சத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். டிஸ்க் வெகுநேரம் 100 சதவீதத்தில் நின்றால் ஒரு வைத்தியம். பிராசஸர் நின்றால் வேறு வைத்தியம். நான்கும் சும்மா இருக்கும்போதே பக்கம் வரவில்லை என்றால் கணினி குற்றமற்றது. அது வெளியிலிருந்து வர வேண்டியதற்காகக் காத்திருக்கிறது.

இணைப்பும் வைஃபையும்

இணைப்பின் வேகத்தைச் சோதிக்கும் தளங்கள் தரும் எண் எம்பிபிஎஸ் கணக்கில் இருக்கும். அது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்பின் அளவு மெகாபைட்டில் சொல்லப்படுவதால் எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். 40 எம்பிபிஎஸ் இணைப்பு நொடிக்கு அதிகபட்சம் 5 எம்பி இறக்கும். பக்கங்களைப் படிக்க இது தாராளம். இந்தியாவில் 2023 முதல் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள ஒரு இணைப்புக்குக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் இருக்க வேண்டும். அந்த அளவில் ஒரு 2 எம்பி பக்கம் இறங்கவே எட்டு நொடி ஆகும். மாத டேட்டா வரம்பு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் திட்டங்களில், மாதக் கடைசியில் மட்டும் தாமதம் என்றால் காரணம் அதுதான்.

வேகச் சோதனையை ஒருமுறை வைஃபையிலும், ஒருமுறை ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை நேராகக் கணினியில் செருகியும் செய்து ஒப்பிட வேண்டும். கேபிளில் நல்ல வேகமும் வைஃபையில் பாதியும் வந்தால், பழைய லேப்டாப்பின் வைஃபை கார்டைச் சந்தேகிக்கலாம். பத்து ஆண்டுக்கு முந்தைய பல லேப்டாப்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசக்கூடிய, ஒரே ஆன்டெனா கொண்ட கார்டு இருக்கும். ரவுட்டருடன் அது பேசும் உச்ச வேகம் பொதுவாக 72 எம்பிபிஎஸ். கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதி. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் இந்த லேப்டாப்புக்கு அது போய்ச் சேராது.

2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் மிகுந்த அலைவரிசையும்கூட. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் இரைகின்றன. ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் அதில் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. அக்கம்பக்கம் குறைவாகப் பயன்படுத்தும் சேனலுக்கு ரவுட்டரை மாற்றுவது இலவச வைத்தியம். 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகுவது சில நூறு ரூபாயில் முடியும் வைத்தியம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டுவதில் சற்றுப் பலவீனமானவை என்பதால் ரவுட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால்தான் பலன். முடிந்த இடத்தில் கேபிளே போதும்.

வேகச் சோதனையில் எண் நன்றாக இருந்தும் பக்கங்கள் தயங்கித் தயங்கித் திறந்தால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். ஒன்று, வீட்டில் யாருடைய போனாவது புகைப்படங்களை மேலேற்றிக்கொண்டிருப்பது. ஏற்றும் பாதை நிறைந்துவிட்டால் கணினியின் சிறு கோரிக்கைகளும் வரிசையில் நிற்கும். இன்னொன்று டிஎன்எஸ். நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் சோம்பலாக இருந்தால் கூகுள் 2009 முதல் நடத்தும் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் 2018 முதல் நடத்தும் 1.1.1.1 போன்ற பொதுச் சர்வர்களின் எண்ணை ரவுட்டரிலோ கணினியிலோ கொடுக்கலாம். இதனால் குறைவது முதல் காத்திருப்பு மட்டுமே. படம் இறங்கும் வேகமோ வீடியோவின் தரமோ இதனால் கூடாது.

ரேமும் டிஸ்க்கும்

போனில் நன்றாகத் திறக்கும் பக்கம் கணினியில் திணறுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ரேம் பற்றாக்குறை. குரோம் 2008இல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்து வைத்தது. ஒரு டேப் நிலைகுலைந்தால் மற்றவை பிழைக்கும் என்பது அதன் நன்மை, ரேம் கூடுதலாகச் செலவாகும் என்பது அதன் விலை. பிராசஸர்களில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை 2018இல் வெளியே தெரிந்த பிறகு, ஒரு தளத்தை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாதபடி குரோம் மேலும் இறுக்கமாகப் பிரித்தது. ரேம் தேவை இன்னும் ஏறியது.

ரேம் நிறைந்ததும் விண்டோஸ் அதிலிருப்பவற்றில் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு ஆகும் என்றால், சுழலும் ஹார்டு டிஸ்க்கின் ஊசி நகர்ந்து உரிய இடத்தைப் பிடிக்க நூறில் ஒரு பங்கு ஆகும். வித்தியாசம் சுமார் ஒரு லட்சம் மடங்கு. டேப் மாற்றினால் திரை உறைந்து, டிஸ்க் விளக்கு விடாமல் மின்னுவது இதனால்தான்.

இலவசமாகச் செய்யக்கூடியது டேப்களைக் குறைப்பது. பிறகு படிக்க வேண்டும் என்று திறந்தே வைத்திருக்கும் பக்கங்களைப் புக்மார்க் செய்து மூடிவிடலாம். பயன்படுத்தாத டேப்களைத் தானாக உறங்கவைக்கும் வசதி குரோம், எட்ஜ் இரண்டிலும் இருக்கிறது. கணினி கிளம்பும்போதே தாமாக ஓடத் தொடங்கும் மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்தி வைக்கலாம். விண்டோஸ் 8 முதல் ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. அதற்கு மேல் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்களை நிறுவினால் பிரவுசர் இறக்கும் கோப்புகளை மாறிமாறிச் சோதித்துக் கணினியை முடக்கிவிடும்.

செலவு செய்வதென்றால் முதலில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமோ நகரும் ஊசியோ இல்லாததால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை எடுப்பதில் அது பல மடங்கு வேகம். பழைய லேப்டாப்பின் இணைப்பு முழு வேகத்துக்கு இடம் கொடுக்காமல் போகலாம். ஆனாலும் இந்தச் சிறு கோப்பு வேகம் முழுவதும் கிடைக்கும், பிரவுசருக்குத் தேவையும் அதுதான். எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் பழைய டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறதா என்று கவனிப்பது நல்லது. போட்டால் அது சாகும் நிலையில் இருக்கிறது என்று பொருள். மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் புகைப்படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ரேம். இரண்டாயிரத்துப் பத்துகளின் முற்பகுதி லேப்டாப்கள் பெரும்பாலும் டிடிஆர்3 வகை ரேம் கொண்டவை. டிடிஆர்4 அவற்றில் பொருந்தாது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய டிடிஆர்3 கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் மூன்றைப் பார்க்க வேண்டும்: ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, காலி ஸ்லாட் உண்டா, போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும். விண்டோஸ் 32-பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது பயன்படுத்தாது. 64-பிட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

சூடும் மின்சாரமும்

கணினியை ஆன் செய்ததும் பக்கங்கள் நன்றாகத் திறந்து, கால் மணி நேரத்தில் மந்தமாகிறது என்றால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். சூடு எல்லை மீறும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பத்தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் பல ஆண்டுத் தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். பிராசஸருக்கு மேலே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இரண்டையும் சுத்தம் செய்து புதிதாகத் தடவித் தருவது சர்வீஸ் கடைகளில் அன்றாட வேலை. மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தினால் லேப்டாப்பின் அடிப்பகுதித் துளைகள் அடைபட்டு இதே கோளாறு வரும். மின்சிக்கன நிலையில் ஓடும் லேப்டாப்பும், பொருந்தாத சார்ஜரில் ஓடும் சில லேப்டாப்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்வது உண்டு.

போர்டில் இருக்கும் காசு வடிவச் சிறு பேட்டரி தீர்ந்துபோனால் வேறு விதமான தொல்லை வரும். கணினியை அணைத்துப் போடும்போது தேதி பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி தவறாக இருந்தால் பிரவுசர் அவற்றை நம்பாமல் எச்சரிக்கை காட்டி நிறுத்திவிடும். சிஆர்2032 என்ற அந்தப் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

பிரவுசருக்குள்

எக்ஸ்டென்ஷன்கள் என்ற துணை நிரல்கள் காலப்போக்கில் சேர்ந்துவிடுகின்றன. கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றுவது, தெரியாமல் நிறுவிய டூல்பார் என எல்லாமே ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் வேலை செய்கின்றன. பக்கத்தை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்ப்பது விரைவான சோதனை, ஏனெனில் குரோமில் எக்ஸ்டென்ஷன்கள் அங்கே வழக்கமாக இயங்குவதில்லை. அதில் வேகமாகத் திறந்தால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான். எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக மறுபடி இயக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்ற பட்டியலும் வரும்.

விதிவிலக்கு, விளம்பரத் தடுப்பு. செய்தித் தளங்களில் ஜாவாஸ்கிரிப்டின் கணிசமான பகுதி விளம்பரத்துக்கும் கண்காணிப்புக்கும் உரியது. அதை வரவிடாமல் தடுத்தால் பழைய பிராசஸரின் சுமை வெளிப்படையாகக் குறையும். யுபிளாக் ஆரிஜின் ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவிலும், குரோமில் லைட் என்ற சுருங்கிய வடிவிலும் கிடைக்கிறது.

கேஷை அடிக்கடி அழித்தால் வேகம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. கேஷ் என்பது ஏற்கெனவே இறக்கிய படங்களையும் நிரல்களையும் சேமித்து வைக்கும் இடம். அழித்துவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். பக்கம் உருக்குலைந்து தெரிந்தாலோ பழைய தகவலையே காட்டினாலோ அழிக்கலாம். தினசரிப் பழக்கமாக அழித்தால் தாமதம்தான் கூடும்.

பக்கங்கள் சுமாராகத் திறந்து, யூடியூப் மட்டும் தடுமாறுவது பழைய கணினிகளில் தனிக் கதை. யூடியூப் அதிகம் பயன்படுத்தும் விபி9 சுருக்க முறையைத் தனி வன்பொருளில் விரிக்கும் முழு வசதி இன்டெல்லின் ஏழாம் தலைமுறைப் பிராசஸர்களில் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அந்த வேலை பெரும்பாலும் பிராசஸரின் தலையில் விழும். படத்தின் தரத்தை 480 அளவுக்கு இறக்கலாம். அல்லது பழைய கணினிகளுக்கும் வசதியான ஹெச்.264 முறையில் வீடியோவைக் கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷனைப் போடலாம்.

பழைய விண்டோஸ்

விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. அதில் ஓடக்கூடிய கடைசிக் குரோம் பதிப்பு 109. அதற்குப் பிறகு வந்த நுட்பங்களைப் பயன்படுத்தும் தளங்கள் அதில் பாதி திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. இது வேகக் குறைவுபோலத் தோன்றும், ஆனால் உண்மையில் பொருத்தமின்மை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறை முதலான பிராசஸர்களையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு உள்ள கணினிகளையும் மட்டுமே. பத்து வயதுக் கணினிகள் பெரும்பாலும் அந்த வாசலில் நிற்கும்.

அவற்றுக்கு லினக்ஸ் நல்ல மாற்று. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுண்டு இரண்டும் விண்டோஸைவிடக் குறைந்த ரேமில் ஓடி, இன்றைய பிரவுசர்களின் புதிய பதிப்புகளைத் தருபவை. தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் உண்டு. இணையம் மட்டும் போதும் என்பவர்களுக்கு, பழைய கணினிகளுக்கென்று கூகுள் 2022இல் வெளியிட்ட குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. மூன்றையும் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டு பிறகு நிறுவலாம். நிறுவும்போது டிஸ்க்கில் உள்ளவை அழிந்துபோகும் என்பதால் நகல் எடுத்துவைப்பது கட்டாயம்.

எது வரை செலவழிக்கலாம்

வரிசை எளிது. பணம் கேட்காதவை முதலில்: ஒப்பிட்டுச் சோதிப்பது, டேப்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் குறைப்பது, ரவுட்டரின் இடத்தையும் சேனலையும் மாற்றுவது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. அடுத்து தூசி நீக்குவது, வைஃபை அடாப்டர். அதற்கும் மேல் எஸ்எஸ்டி, ரேம்.

எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்ட பிறகும், ஒரே ஒரு டேப் திறந்திருக்கும்போதே பிராசஸர் 100 சதவீதத்தில் நின்றால் அந்தக் கணினியின் எல்லை அதுதான். ஆட்டம் வகைப் பிராசஸர் கொண்ட நெட்புக்குகளும் ரேம் கூட்ட முடியாத 2 ஜிபி லேப்டாப்களும் இந்த நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும். அவற்றில் பணம் போடுவது வீண். ஆதரவு முடிந்த விண்டோஸில் ஓடும் கணினி வேகமாக இருந்தாலும் வங்கிப் பரிவர்த்தனைக்கு ஏற்றதல்ல. தட்டச்சு, பாட்டு, இணையமில்லாத பாடங்கள், பிரிண்டர் ஆகிய வேலைகளுக்கு அதை வைத்துக்கொண்டு, இணையத்துக்கு வேறு கருவியைப் பயன்படுத்துவதே சரி.